கெண்டியில் நீர் தீர்ந்த பிறகு

நூஃபு, அந்த ஸ்பானரைக் கீழே வை.
கதாநாயகன் கதாநாயகன் என்று
காலையிலிருந்து கத்துகிறாய்.
நல்ல உயரம், ஒத்துக்கொள்கிறேன்.
பல்வரிசைக்குத் தனிச் சம்பளம் கொடுத்திருப்பார்கள்.
ஆனால் அந்த அண்ணன்!
அண்ணனாக நடித்தவனை
நீ பார்த்தாயா இல்லையா?

நான் மூன்று முறை போனேன்.
முதல் நாள் பாதியில் மழை.
வாகதூகுவில் பாதிப்பேர்
பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
திரை நனைவதைப் பார்த்தபடி நின்றோம்.
மறுநாள் மின்சாரம் போனது.
மூன்றாம் நாள்,
பன்னிரண்டு புட்டி பெட்ரோல் விற்ற லாபம்
டிக்கெட்டாகக் கிழிந்த நாள்,
முழுதாகப் பார்த்தேன்.
நாயகியின் கன்னத்துக்குக் குறுக்கே
நிஜ வௌவால் ஒன்று பறந்தது.
அவள் இமைக்கவில்லை என்கிறேன்,
சிரிக்கிறாய். சிரி.

"அவள் மோட்டார் சைக்கிளை ஒரே உதையில் கிளப்புகிறாள்,"
என்கிறான் நூஃபு,
"சோக் இழுக்காமல்! விடிகாலைக் குளிரில்! அந்த எஞ்சினை!
இருபது வருஷமாக இந்த மூலையில் இருக்கிறேன்,
எந்த ஆணும், எந்தப் பெண்ணும், எந்தப் பேயும்..."
பிறகு கிரீஸ் விரலால் மூக்கைத் தேய்த்துக்கொண்டு
"ஆனால் முழங்கால்" என்கிறான்.
"திருப்பத்தில் முழங்காலை உள்ளே ஒடுக்கினாள் பார்.
அது சொல்லிக்கொடுத்து வராது.
ஒரு தடவையாவது விழுந்திருக்கிறாள், பாவி."
அவன் வாயிலிருந்து வரக்கூடிய
ஆகப் பெரிய பாராட்டு அது.

டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்
குமிழி தேடும் பையன் வென்பாங்கா
வில்லன் செத்தது சரியில்லை என்கிறான்.
செத்த பிறகு இரண்டு தடவை மூச்சு விட்டானாம்,
எண்ணினானாம்.
பஞ்சருக்குக் காத்திருக்கும் கணக்கு வாத்தியார்
கடைசி அரைமணி நேரத்தை வெட்டியிருக்கலாம் என்கிறார்.
உங்கள் பாடத்தில் வெட்டுங்களேன் என்று
நான் சொல்லவில்லை.
ஏற்கெனவே அவர் டியூபில் மூன்று ஓட்டை.

அந்த அண்ணன். கேளுங்கள்.
மாம்பழம் தின்றுகொண்டிருக்கிறான்,
முழங்கை வரை சாறு.
தம்பி செத்துவிட்டான் என்று வந்து சொல்கிறார்கள்.
(சாகவில்லை, பின்னால் வருவான், நாயகன் அல்லவா.)
அவன் அழவில்லை. தட்டைத் தள்ளவில்லை.
வானத்தைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை.
கொட்டையில் மிச்சமிருந்ததையும் சப்பி முடிக்கிறான்.
எனக்குப் பின்னால் இருந்த அஜாரத்து
"அட கல்நெஞ்சா" என்றாள், ஊருக்கே கேட்கும்படி.
பிறகு பச்சைக் கெண்டியை எடுத்துக் கை கழுவுகிறான்.
கழுவுகிறான்.
நீர் தீர்ந்துவிட்டது, நமக்குத் தெரிகிறது.
அவன் கெண்டியை இன்னும் சாய்க்கிறான்.
விரல்கள் ஒன்றையொன்று தேய்க்கின்றன,
இல்லாத நீருக்கு இடம் விட்டு.

"இப்படி," என்று
காலிப் புட்டி ஒன்றை எடுத்துக் காட்டினேன்.
வென்பாங்கா டியூபை மறந்தான்.
வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார்.
"இன்னொரு தடவை," என்றான் நூஃபு.

அதற்குள் ரொட்டிக் கூடையோடு ஒருவன்
மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தான்.
ஒரு லிட்டர்.
ஊற்றினேன்.
புட்டி தீர்ந்தது. சொட்டும் நின்றது.
நான் சாய்த்தபடியே இருந்தேன்.
"முடிந்ததா அக்கா?"
முடிந்தது. கைதான் இறங்கவில்லை.
நடிக்கிறேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

அவன் பெயர்கூடத் தெரியாது.
எழுத்துகள் ஓடும்போது
முன்வரிசை எழுந்து மறைத்துவிட்டது.
சுவரொட்டியில் பல்வரிசைதான் இருக்கிறது.

"சோக் இழுத்திருக்க வேண்டும்," என்கிறான்
நூஃபு, இன்னும்.
நாளை கடைசிக் காட்சி.
வாத்தியாரே, வருகிறீர்களா?
உங்கள் வண்டி எப்படியும் இன்றைக்கு ஆகாது.