அறுபத்தேழாம் சொல்

நூறு கடினச் சொற்கள். நாலு பக்கம், எட்டு ரூபாய்.
மாரண்டஅள்ளி பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ்காரர்
தாளைக் கொஞ்சம் கோணலாக வைத்துவிட்டார்.
மூன்றாம் பக்கத்தின் வலது ஓரம் முழுக்கக்
கறுப்புப் பட்டை.
ஐம்பத்தொன்று முதல் எழுபத்தைந்து வரை
சொல் இருக்கிறது, பொருள் இல்லை.

மூலத்தாள் டீச்சரிடம்.
டீச்சர் பிரசவ விடுப்பில்.
அவருக்குப் பதில் வந்த கணக்கு சார்
"மனப்பாடம் பண்ணுங்க, அர்த்தம் அப்புறமா வரும்" என்றார்,
கடன்காரனுக்குத் தவணை சொல்வதுபோல.

சரி, நாமே போட்டுக்கொள்ளலாம் என்று
சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்தோம்
நான், முபீனா, சென்றாயன்.

கர்ட்: தயிர்.
அதில் சந்தேகமே இல்லை, கடைசி எழுத்துதான் அச்சுப்பிழை.
கேண்டர்: தக்காளி ஏற்றும் வண்டி.
குவாண்டரி: குவாரிக்கு அண்ணன்.
கிரேன் நிற்கும் பெரிய குவாரி.
சென்றாயன் அப்பா வேலைக்குப் போகிறாரே, அது.

மாட்டில்ட்.
"மாட்டுல இருந்து வர்றது" என்றான் சென்றாயன்.
"பாலா?"
"பால்தான் மில்க் ஆச்சே."
"அப்போ சாணி."
முடிவாகவில்லை. பென்சிலில் எழுதிவைத்தோம்:
மாடு சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று.

பிப்ரவரியில் பல் முகாம்.
சேலத்திலிருந்து வேன் வந்தது, டார்ச்சும் கையுறையுமாக.
எங்கள் வகுப்பில் யாரைச் சிரிக்கச் சொன்னாலும்
உதட்டை ஒட்டிக்கொண்டுதான் சிரிப்போம்.
போர் தண்ணீரில் முளைத்த பற்கள்.
சுண்ணாம்புத் திட்டு, நடுவே துருக்கோடு.
தம்பி பிறந்த வருஷம் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வந்தது,
அவன் வாயைத் திறந்தால் தேங்காய்ப் பத்தை.
அவன் சிரித்தால் பார்த்துக்கொண்டே இருப்பேன்.
பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க மட்டும்
வர மாட்டேன்.

டாக்டர் அக்கா என் வாய்க்குள் பார்த்தபடியே
பின்னால் இருந்தவரிடம் என்னவோ சொன்னார்.
அவர் அட்டையில் எழுதினார்.
தலைகீழாகப் படித்தேன். எம், ஓ, இரண்டு டி,
எல், ஈ, டி.
வாயில் கண்ணாடிக் கரண்டி, கத்த முடியவில்லை.
அறுபத்தேழு!
நூறில் ஒன்றுகூட அதுவரை
எங்கள் ஊர்ப்பக்கம் வந்ததில்லை.
இது நான் எழுத்துக்கூட்டுவதற்கு முன்பே வந்து
என் வாய்க்குள் குடியிருந்திருக்கிறது.

"அக்கா, அதுக்கு என்ன அர்த்தம்?"
"பயப்பட ஒண்ணுமில்ல பாப்பா, தண்ணியால வர்றது."
"அது தெரியும்க்கா. வார்த்தைக்கு."
அவர் டார்ச்சை அணைத்தார். யோசித்தார்.
"திட்டுத் திட்டா, நிறம் கலந்து...
சில மாடு இருக்கும் பாரு,
வெள்ளையும் பழுப்புமா."

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற சென்றாயன்
"நாந்தான் அப்பவே சொன்னனே!" என்று குதித்தான்,
எல்லாப் பல்லும் தெரிய.

மற்றவை ஒவ்வொன்றாக வந்தன.
கர்ட் என்றால் வெடுக்கென்று பேசுவதாம்.
கேண்டர், மனதில் இருப்பதை
மூடி மறைக்காமல் சொல்வதாம்.
குவாண்டரியை முபீனா
அவள் மாமா போனில் தேடிக்கொண்டு வந்தாள்:
இதுவா அதுவா என்று தெரியாமல் நிற்கும் நிலை.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
குவாரியைப் பூட்டி மூன்று மாதம் ஆகிறது.
பெங்களூருக்குப் போய்விடுவதா,
இருக்கும் ஒரே மாட்டை விற்று
தோட்டத்தில் இன்னொரு போர் போட்டுப் பார்ப்பதா என்று
சென்றாயன் அப்பா
காலையில் வாசலுக்கு வருகிறார்,
உள்ளே போகிறார்.

அவன் ரப்பரை எடுத்தான்.
குவாரிக்கு அண்ணன் என்றிருந்ததன்மேல் வைத்தான்,
எடுத்துவிட்டான்.
பக்கத்தில் பேனாவால் புதுசை எழுதினான்.
"ரெண்டும் இருக்கட்டும்" என்றான்.