காரணம் என்ற கட்டம்

ரூவி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
எங்கள் டைப்பிங் சென்டர்.
கீபோர்டின் மேல் பிளாஸ்டிக் தாள்,
தாளின் மேல் என் கையுறை.
ஓரெழுத்து அடித்தால் இரண்டு விழுகிறது.

உள்ளே இரண்டு பேருக்குத்தான் அனுமதி.
மற்றவர்கள் வெளியே, நாற்பத்து நாலு டிகிரியில்,
தரையில் ஒட்டிய மஞ்சள் வட்டங்களுக்குள்.
வட்டங்கள் தேய்ந்துவிட்டன.
வரிசை தேயவில்லை.

"போன வாரம் எழுபத்திரண்டு மணி நேரம்னீங்க?"
ஆமாம்.
"இப்ப நாற்பத்தெட்டுங்கிறீங்க?"
ஆமாம்.
"அப்ப அந்த டெஸ்டுக்குக் கொடுத்த காசு?"

நான் அரசாங்கம் இல்லை, அண்ணே.
ரெண்டு ரியாலுக்குப் படிவம் நிரப்புகிறவள்.
ஆனால் கைக்கு எட்டுகிற தூரத்தில்
வேறு அரசாங்கம் இல்லை அவர்களுக்கு.
திட்டட்டும்.

தெரசம்மாளுக்கு எல்லாம் சரியாக இருந்தது.
மூக்கில் குச்சி விட்ட நேரம்,
முத்திரை, கையெழுத்து, முகக் கவசத்தின் மேல் கண்ணாடிக் கவசம்.
விமானம் ஐந்து மணி நேரம் தாமதம்.
சான்றிதழ் தாமதிக்குமா? அது காலாவதியானது,
கேட் நம்பர் ஏழில், அவள் மடியிலேயே.
திரும்பி வந்து
என் மேசையில் பெட்டியை வைத்தாள்.
ஒன்றும் பேசவில்லை. நான்தான் அழுதேன்.

நாங்கள் தயார், அவர்கள் சம்மதிக்கட்டும் என்கிறது இந்தக் கரை.
நாங்கள் தயார், அவர்கள் சம்மதிக்கட்டும் என்கிறது அந்தக் கரை.
இவ்வளவு தயாராக இருப்பவர்களை
நான் பார்த்ததே இல்லை.
ஹமரியாவில் ஓர் அறையில் ஒன்பது கட்டில்;
சம்பளம் வந்து ஐந்து மாதம்.
உதவி எண்ணை அழைத்தால் ஒரு வீணை வாசிக்கிறது.
ஆங்கிலத்துக்கு ஒன்று, இந்திக்கு இரண்டு.
மூன்றை அழுத்திப் பார்த்தேன் ஒருநாள்.
மறுபடியும் வீணை.

அன்று சுடலைமணி வந்தான்.
பர்காவில் சென்ட்ரிங் வேலை, ஊர் ஏரல் பக்கம்.
பயணத்துக்கான காரணம் என்றொரு கட்டம்;
அம்புக்குறியைத் தட்டினால் கீழே விழும்:
கர்ப்பம். மருத்துவம். வேலை இழப்பு. விசா முடிவு. மரணம்.
"கடைசி" என்றான்.
அக்கா பேச்சியம்மாள். நேற்று ராத்திரி.

சான்று இணைக்கவும், என்றது திரை.
அங்கே பஞ்சாயத்து ஆபீசுக்குப் பூட்டு,
இறந்த சான்றிதழ் எப்போது வருமோ.
போனில் அவனிடம் இருந்தது
கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.
ரோஜா மாலைக்கு நடுவில் அக்கா,
ரேஷன் கார்டுப் படத்தைப் பெரிதாக்கி.

இணைத்தேன்.
கோப்பின் அளவு அதிகம், என்றது.
மாலையை வெட்டினேன். அதிகம்.
மேலே பறந்த இரண்டு புறாக்களை வெட்டினேன். அதிகம்.
இனிக் கீழே,
'துயரத்தில் வாடும்' என்ற பட்டியல்தான் மிச்சம்.
அதில் மூன்றாவது பெயர் அவனுடையது.
மஸ்கட் என்று அடைப்புக்குறியோடு.

அவனைப் பார்த்தேன்.
"வெட்டுங்க மேடம்" என்றான்.

ஏற்கப்பட்டது.
தங்கள் முறை வரும்போது தெரிவிக்கப்படும்,
மீண்டும் தொடர்புகொள்ள வேண்டாம்.

தெரிவித்தார்கள்.
பதினாறாம் நாள் காரியமும் முடிந்து
மூன்று நாள் கழித்து.
ஆனால் அதற்குள் படிவம் புதிதாம்,
பழைய பதிவு செல்லாதாம், முதலிலிருந்து வேண்டுமாம்.

மறுபடி அதே நாற்காலியில் சுடலைமணி.
மறுபடி அந்தக் கட்டம்.
அம்புக்குறியின் மேல் என் விரல்.
"காரணம் என்னன்னு போட?"

அவன் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தான்,
ஹோட்டலில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவன் போல.
பிறகு கீழிருந்து மேலாக.

வெளியே யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்:
"மேடம், ரூல்ஸ் மறுபடி மாறிடுச்சாமே?"