தளும்பும் குடம்

நிறைகுடம் தளும்பாது என்று
மூன்றாம் படிவத்தில் கட்டுரை எழுதிப்
பரிசு வாங்கியவள் நான்.
பரிசு ஒரு தெர்மாஸ் குடுவை.

பிறகு பதினாறு ஆண்டு
நீர்க்கசிவு தேடும் பிரிவில் வேலை.
இரும்புக் கோலைத் தரையில் ஊன்றி
மறுமுனையைக் காதில் வைத்து
ஜாலான் ஈப்போவின் அடிவயிற்றைக் கேட்டேன்.
லோரிகள் ஓய்ந்த பின்னிரவில்
ஒழுகும் குழாய் எப்படி ஒலிக்குமென்று எனக்குத் தெரியும்:
யாரோ பல்லிடுக்கில் 'ஸ்' என்று தொடங்கி
சொல்லி முடிக்காமலே இருப்பது போல.

வேலையை விட்டுச் சொந்தமாய்த் தொடங்கிய பிறகுதான்
தெரிந்தது,
தளும்பாத குடத்தை
எவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

செந்தூலில் அச்சுக்கடை வைத்திருக்கும் லோகநாயகம்
துண்டறிக்கைக்கு ஒரு மாதிரி காட்டினார்.
ஸ்பேனர் பிடித்துச் சிரிக்கும் வெள்ளைக்காரன்,
கீழே 'மலிவு, விரைவு, நம்பிக்கை'.
இதே மூன்று சொல்லைத்தான்
ரொட்டி மாவுக்கும் சவ ஊர்திக்கும்
அடித்துக் கொடுத்தாராம். இரண்டும் நன்றாக ஓடுகின்றனவாம்.

நான் வேறு எழுதிக் கொடுத்தேன்.

'இரவு படுக்குமுன் எல்லாக் குழாய்களையும் மூடுங்கள்.
டார்ச் எடுத்துக்கொண்டு மீட்டரிடம் போங்கள்.
கண்ணாடிக்குள் சின்னச் சிவப்புச் சக்கரம் தெரியும்.
அசையவில்லையா, நான் உங்களுக்குத் தேவையில்லை,
இந்தத் தாளில் வடையின் எண்ணெயை ஒற்றிக்கொள்ளலாம்.
சுற்றுகிறதா, கழிவறைத் தொட்டியின் வால்வையும் மூடிப் பாருங்கள்.
அப்போதும் சுற்றினால், கீழே என் எண்.'

லோகநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
"தொழிலையே தூக்கிக் கொடுத்துட்டு
அப்புறம் எதைம்மா விக்கப்போற?"
பதில் இல்லை என்னிடம்.
ஐந்நூறு அடிக்கச் சொன்னேன். கடனுக்கு.

கெப்போங், பத்து, செந்தூல்
அடுக்குமாடிகளின் தபால்பெட்டி மூடிகள்
மூன்று வாரம் என் விரலைக் கடித்தன.
வந்த அழைப்பு இரண்டு.
ஒருவர் காப்புறுதி விற்றார்.
ஒருவர், பொம்பளையா என்று கேட்டுவிட்டு வைத்தார்.

அப்புறம் ஓர் இரவு, பதினொன்று நாற்பதுக்கு,
வீட்டில் திருடனைக் கண்டவள் போல ஒரு கிசுகிசுப்பு:
"சுத்துது அக்கா. மெதுவாத்தான். ஆனா சுத்துது."
தொட்டி வால்வை மூடச் சொன்னேன்.
செருப்போசை போய், திரும்பி வந்தது.
"நின்னுடுச்சு."

உள்ளே ஒரு ரப்பர் மூடி, ஆறு ரிங்கிட்,
இரும்புக்கடையில் கிடைக்கும், நீங்களே மாட்டலாம் என்றேன்.
அவள் பெயர் புஷ்பராணி.
மூன்று மாதமாய் ஏறிய தண்ணீர் பில்லுக்கு
மகனின் நீளக் குளியலைத் திட்டிக்கொண்டிருந்தாளாம்.
"இப்பவே எழுப்பி மன்னிப்புக் கேக்கணும்" என்றாள்.

எனக்குச் சல்லிக்காசு இல்லை.
நன்றாகத் தூங்கினேன்.
காலையில் லோகநாயகம் கடை இருக்கும் தெருவை விட்டு
வேறு தெருவால் போனேன்.

நான்கு மாதம் கழித்து
அந்தக் கட்டடத்திலேயே ஒரு வேலை, பன்னிரண்டாம் மாடி.
மீட்டர் அலமாரியைத் திறந்தால்
கதவின் உட்புறத்தில் என் தாள்.
நகலின் நகல், எழுத்தெல்லாம் கொசுவாய்.
பதினோராம் மாடியிலும் இருந்தது. பத்திலும்.
ஏதோ ஒரு நகலில் கடைசி வரி அறுந்துபோக
யாரோ பேனாவால் என் எண்ணை எழுதிச் சேர்த்திருந்தார்கள்.
என் ஏழு அதில் ஒன்றாகியிருந்தது.

படிக்கட்டில் உட்கார்ந்து அந்த எண்ணை அழைத்தேன்.
வயதான சீனர் ஒருவர். நான் வாய் திறக்குமுன்
மலாயில், களைப்பாக,
"முதல்ல எல்லாக் குழாயையும் மூடுங்க."
சரி என்றேன்.
"சக்கரத்தைப் பாருங்க. நின்னா போய்ப் படுங்க."
நிற்கவில்லை என்றால்?
அந்தப் பக்கம் தொலைக்காட்சியின் சத்தம் குறைந்தது.
"அதுக்கு ஒரு அம்மா இருக்காங்களாம்" என்றார்.
"ரொம்பக் கெட்டிக்காரியாம்.
நம்பர்தான் யாருக்கும் தெரியலை."