விருந்தினர் வலை

இரவு வேலை இல்லாத சனிக்கிழமை.
வெளியே மழை. ஆற்றின் மேலே
வௌவால் போலத் தொங்கிப் போகிறது வூப்பர்டால் ரயில்.
நான் ரூட்டரைக் கவிழ்த்துப் பிடித்திருக்கிறேன்.
தூசியை ஊதினால் அதன் வயிற்றில் எறும்பெழுத்தில்
நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் தொடங்கும் ஒரு முகவரி.
பாதி உலகத்து வீடுகளுக்கு அதே இலக்கமாம்.
தபால்காரன் பாவம்.

பூட்டாமல் விட்டுப்போனவன் என் தம்பி நிரூபன்.
"பாஸ்வேர்டை நீ மறப்பாய், பிறகு எனக்குத்தான் போன் அடிப்பாய்.
நாலாம் மாடிக்கு எவன் ஏறி வரப்போறான்?"
அலைக்குப் படி தேவையில்லை என்று
எலக்ட்ரீஷியன் படித்தவனுக்கே தோன்றவில்லை.

இணைந்துள்ள கருவிகள்: நான்கு.
என் போன். மிதுஷாவின் போன். டிவி.
எகோன்-பிசி.

எகோனா?
இறங்கிப்போய்த் தபால்பெட்டிகளைப் பார்த்தேன்.
மூன்றாம் மாடி, எ. போல்மன்.

ஆறு வருஷமாய் அவர் என்னோடு கதைத்ததெல்லாம் தாளில்.
படிக்கட்டுச் சுவரில் ஒட்டுவார்:
'சமைக்கும்போது ஜன்னலைத் திறக்கவும். நாற்றம்!!!'
மூன்று ஆச்சரியக்குறியும் அடிமட்டம் வைத்துக் கீறியவை.
பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம் என்று
அவருக்கு யார் சொல்வது?
கிழித்து வந்து லாச்சியில் வைப்பேன்.
பின்பக்கம் வெறுமை, சாமான் எழுத நல்ல தாள்.

எந்தப் பூட்டு என்று கேட்கிறது பெட்டி.
வெப் என்றால் படலைக்குக் கயிறு கட்டினது மாதிரி,
ஆடே திறந்துவிடும்.
டபிள்யூபிஏ இரண்டு, திறாங்கு போட்ட கதவு.
ஊர்ப் பெயரைத் தட்டினேன், கோடு சிவந்தது.
மகள் பெயரும் பிறந்த வருஷமும். மஞ்சள்.
"அம்மா, அதைத்தான் எல்லாரும் முதல் அடிச்சுப் பாப்பினம்."
பிறகு ஒன்று போட்டேன். பச்சை.
அதை இங்கே எழுதமாட்டேன்.

சேமி.
எல்லாம் அறுந்தது. ஒவ்வொன்றாய்த் திரும்பியது, மூன்றுவரை.

பத்து நிமிஷமும் ஆகவில்லை, கதவில் தட்டல்.
வீட்டுச் செருப்பு, சீவாத நரைத்த தலை.
"மன்னிக்க வேண்டும். கட்டிடத்தில் இன்டர்நெட் இல்லை.
உங்களுக்கும் அப்படித்தானா?"
அவருக்கு உண்மையாகவே தெரியாது.
குழாய்த் தண்ணீர் போல, ஹீட்டர் போல
வாடகைக்குள் வருவதென்றே இருந்திருக்கிறார்.
அடுப்பில் குழம்பு கொதித்தது. ஜன்னல் பூட்டியிருந்தது.
அவர் மூக்கைச் சுளிக்கவில்லை.

பெட்டிக்குள் இன்னொரு பக்கம் உண்டு: விருந்தினர் வலை.
இணையம் கிடைக்கும், வீட்டில் உள்ள எதுவும் தெரியாது.
எனக்குப் பழகிய ஏற்பாடு.
'சகித்துக்கொள்ளப்படுகிறவர்' என்று அச்சடித்த தாளை
ஆறு மாதத்துக்கொரு தரம் கவுண்டரில் நீட்டி
ஒன்பது வருஷம் நானும் அப்படித்தான் இங்கே இருந்தேன்.
எத்தனை நாளைக்கு என்று கேட்டது.
ஒரு மாதம் என்றேன்.
முடிந்தால் படியேறி வரட்டும், நீட்டித்துத் தருகிறேன்.

அடுப்பைப் பார்த்தபடியே பாஸ்வேர்ட் வைத்தேன்:
கருவாட்டுக்குழம்பு. ஆங்கில எழுத்தில் பத்தொன்பது.
கோடு முழுக்கப் பச்சை.
கைக்கு அகப்பட்ட தாளில் எழுதிக் கொடுத்தேன்.

வாசலில் நின்றே வாசித்துப் பார்த்தார்.
"இங்கே... செட், ஹா?"
"ழ," என்றேன். "அதற்கு உங்களிடம் எழுத்தில்லை,
இரண்டை ஒட்டிச் சமாளிக்கிறோம்."
இது என்ன சொல் என்று கேட்டார்.
"சாப்பாடு."
தாளைத் திருப்பினார்.
மூன்று ஆச்சரியக்குறிகள்.
ஒன்றும் சொல்லவில்லை, காது மட்டும் சிவந்தது.

ஹீட்டர் குழாய் வழியாகக் குரல் ஏறி வந்தது:
கா, ஆ, எர், ஊ...
இரண்டு தரம் பிழைத்தது.
மிதுஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
மூன்றாம் தரம்
திரையில் ஒரு வரி கூடியது.