எந்தத் தண்ணீருக்கு எந்தப் பொய்

வீட்டை விற்றுப் பாதிப் பாதி.
படகு அவனுக்கு. டிரக் அவளுக்கு.
நாய், கூப்பிட்டால் யாரிடம் போகிறதோ அவருக்கு.
தூண்டில் பெட்டியை மட்டும்
நீதிபதி எழுத மறந்துவிட்டார்.

அதனால் அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை
ஹார்லன் ஸ்டாம்ப்பரும் ஓலீட்டாவும்
என் கடைக்கு வந்து
மண்புழு டப்பாக்களை ஒதுக்கிவிட்டு
கல்லாவின் பக்கத்தில் பெட்டியைத் திறந்தார்கள்.
நான் பொதுவான ஆளாம்.
கென்டக்கியின் இந்த மூலையில்
பொதுவான ஆள் என்றால்
இரண்டு பேருக்கும் கடன் கொடுத்தவன்.

முப்பத்தோரு பொய்யிரைகள்.
அத்தனையும் மேலே மிதப்பவை.
ஆழத்தில் ஓடுவதை அவர்கள் வாங்கியதே இல்லை.
பாஸ் வாய் பிளப்பதைக் கண்ணால் பார்க்காவிட்டால்
அதெல்லாம் தண்ணீருக்குள் கைவிட்டுத் துழாவுவது
என்பாள் ஓலீட்டா.

"தண்ணீரை வைத்துப் பிரிப்போம்" என்றான்.
அவள் தலையசைத்தாள்.
நாலு வருஷத்தில் முதல் தடவை.

காற்றில்லாத விடியல், தெளிந்த தண்ணீர்:
குழிவாய்ப் பாப்பர், எலும்பு நிறம்,
சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் பெரிது.
ஒரு சுண்டு. ஒரு 'ப்ளக்'.
வளையம் விரிந்து விரிந்து
இல்லாமல் போகும்வரை
கையைச் சும்மா வைத்திருக்க வேண்டும்.
"சும்மா இருக்க உனக்கு வராது" என்று
தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
அவன் மறுக்கவில்லை.

லேசான காற்றில் சிலிர்த்த தண்ணீர்:
சுருட்டு மாதிரி நீளமானது,
இடமும் வலமும் தலையாட்டி நடப்பது,
வயிற்றுக்குள் குண்டுகள் குலுங்குவது.
அவனுக்கு.
வெள்ளியும் வெள்ளையும் கலந்த இன்னும் நான்கு,
இலையுதிர் காலத்தில் குஞ்சுமீன் கூட்டம் கொதிக்கும்போது வீசுவது.
ஆளுக்கு இரண்டு.

மழை கலக்கிய தண்ணீர், பால் ஊற்றிய டீ நிறம்:
கண் உதவாத இடத்தில் காதைத்தான் ஏமாற்ற வேண்டும்.
விசிறி வைத்த பஸ்பெய்ட், கறுப்புப் பாவாடை.
நிறுத்தினால் மூழ்கிவிடும்,
அதனால் கரைவரைக்கும் கத்திக்கொண்டே வரும்.
"அது உன்னுடையது" என்றார்கள்
இரண்டு பேரும்,
ஒரே மூச்சில்.
நான் காபி ஊற்றுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது சண்டை தவளையில் நின்றது.
ரப்பர்த் தவளை, அல்லி இலை மூடிய குடாவுக்கு.
கொக்கி முதுகோடு ஒட்டியிருப்பதால் எதிலும் மாட்டாது.
இலைமேல் இழுத்து, இடைவெளியில் நிறுத்தி,
தண்ணீர் வெடித்தாலும் பதறாமல்
கை கனத்த பிறகே இழுக்க வேண்டும்.
அந்தக் கனத்தை முதலில் கண்டுபிடித்தது
அவனா அவளா
என்பதில் அரைமணி நேரம் போனது.
மினோ வாங்க வந்த இரண்டு பேர்
வாங்காமலே போனார்கள்.

கடைசியில் ஒன்று மிச்சம்.
தகட்டு உதடு, உருண்டை உடம்பு,
பல் பட்டுப் பட்டுச் சாயம் போன கறுப்பு.
நிலா இல்லாத இரவுகளில்
'களக் களக்' என்று ஏரியைக் கடக்குமே, அது.

கறுத்த இரவில் கறுப்பு எதற்கு என்று
கேட்காத ஆள் இல்லை.
நாம் மேலிருந்து பார்க்கிறோம்.
மீன் கீழிருந்து பார்க்கிறது.
அதற்கு எந்த இருட்டிலும் வானம் கொஞ்சம் வெளிச்சம்தான்.

அதை யாரும் தொடவில்லை.
ஓலீட்டா பையை மூடினாள்.
ஹார்லன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"கடனில் கழித்துக்கொள்" என்றான்.
விலையில்லாத சாமானை எந்தக் கணக்கில் கழிப்பது?
கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன்.

பின்கதவுக்குப் பூட்டு சரியில்லை, ஊருக்கே தெரியும்.
சில காலைகளில் ஆணிக்குக் கீழே
தரை நனைந்திருக்கிறது.
படகுத்துறைச் சரிவில் இரண்டு தடம்:
டிரக் டயர்,
அதன் பின்னால் படகு வண்டியின் டயர்.

நான் துடைப்பத்தை எடுத்துக்கொள்கிறேன்.
கடன் அப்படியேதான் இருக்கிறது.