தொழில் செய்யும் இடம்

படிவத்தில் ஆறாவது கேள்வி அது.
விரல்களை விசைப்பலகையில் வைத்துக் காத்திருந்தேன்.

டெல்ஃபினா கங்கொம்பே, வயது முப்பத்து நான்கு,
லுவாண்டா நகராட்சி இரண்டாம் மாடியில்
நாற்காலி இருந்தும் நின்றபடி சொன்னாள்:

"எழுதிக்கொள்ளுங்கள்.
ஆறு மணிக்கு சம்பிசாங்கா மேட்டில் போணி.
ஏழரைக்கு நீலவெள்ளை வேன்கள் இரைக்கும் நிறுத்தம்.
பத்து மணி வெயிலில் வங்கியின் நிழல்,
காவலாளி கொட்டாவி விட்டு முடிக்கும் வரை.
பன்னிரண்டுக்கு உங்கள் வாசல்.
அதற்கப்புறம்
எந்தப் பக்கம் துரத்துகிறார்களோ அந்தப் பக்கம்."

கட்டங்கள் இருபத்திரண்டு.
கட்டத்துக்கு ஓர் எழுத்து.

கடை எண் கேட்டேன்.
சும்மாடு அழுத்தி முடி கொட்டிய
உச்சந்தலையைக் குனிந்து காட்டினாள்.
முதுகில் கட்டியிருந்த குழந்தை
அந்தச் சரிவில் எட்டி
என் முத்திரைக் கட்டையைப் பிடித்துக்கொண்டது.

நிலையான இடம் இல்லாதவருக்கு உரிமம் இல்லை,
உரிமம் இல்லாதவருக்கு இடம் இல்லை:
ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறேன்,
பள்ளியில் பதினாறாம் வாய்ப்பாடு சொன்ன மாதிரி.

அவள் கேட்கவில்லை.
அவள் கண் என்னைத் தாண்டிப் போயிருந்தது.

ஏசிக்குக் கீழே
ஒழுகும் தண்ணீருக்கு வைத்த மஞ்சள் பேசின்.
விளிம்பில் வெடிப்பு.
சூட்டுக்கம்பியால் துளையிட்டு
தூண்டில் நரம்பால் போட்ட ஏழு தையல்.

"அது என்னுடையது."

பறிமுதல் தேதி?

"ஜனவரி. புதன்கிழமை.
அறுபது சுட்ட வாழைப்பழம், இரண்டு கிலோ வறுத்த கடலை.
அந்தக் கடலைக்கு இன்னும் வட்டி கட்டுகிறேன்."

ரசீது?

"அதை நீங்களல்லவா தந்திருக்க வேண்டும்."

பதிவேட்டைப் புரட்டினேன்.
அந்தப் புதன்கிழமை வெறும் கோடுகள்.
ஆனால் எனக்கு அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது.
யாரோ காகிதத்தில் கொட்டி மேசை மேசையாக நீட்டினார்கள்,
யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்தேன்.
இரண்டு கை அள்ளினேன்.
உப்பு சரியாக இருந்தது.

"பேசின் கிடக்கட்டும்," என்றாள்.
"எடுத்தோம் என்று எழுதுங்கள்.
எழுதாவிட்டால்
நான் அன்றைக்குத் தெருவிலேயே இல்லை என்று ஆகிவிடும்."

தட்டச்சு செய்தேன்.
கட்டங்களைத் தாண்டி, ஓரக்கோட்டைத் தாண்டி,
சம்பிசாங்கா, நிறுத்தம், நிழல், வாசல்,
ஜனவரி, அறுபது, இரண்டு கிலோ.
படிவம் மூன்றாம் மாடிக்கு ஏறியது.
இன்னும் இறங்கவில்லை.

அவளோ பேசினைத் தூக்கி
தண்ணீரை வாடிய பூந்தொட்டியில் சாய்த்தாள்,
துணியைச் சுருட்டினாள், தலையில் ஏற்றினாள்,
குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து
முத்திரையை என் மேசையில் வைத்தாள்.
படிக்கட்டில் சீருடைக்காரர் இருவர் நின்றார்கள்.
ஏனோ
ஒதுங்கினார்கள்.

சுங்கெய்ரா என்பார்கள் எங்கள் ஊரில் அவர்களை;
சுற்றி அலைகிறவள் என்று பொருள்.
இப்போது ஏசி தரையில் சொட்டுகிறது.
மேலாளர் உட்பட எல்லோரும்
அந்தக் குட்டையைச் சுற்றித்தான் போகிறோம்.

மறுநாள் பன்னிரண்டு மணி.
வாசலுக்கு இறங்கி
ஒரு கூறு கடலைக்கு உண்டான குவான்சாவை நீட்டினேன்.
கொசுறு கேட்க வாய் வரவில்லை.

அவள் நோட்டை வாங்காமல்
என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"ஜனவரிக்கா,
இன்றைக்கா?"