வெங்காயச் சருகு

ரிஃப்கானும் நானும் ஒரே நாளில்தான் விட்டோம்.
நாலாம் குறுக்குத் தெரு, கிட்டங்கி வாசல்,
பாதி மிச்சமிருந்த பெட்டியை
இரண்டு பேருமாய் வடிகானுக்குள் எறிந்தோம்.
அவன் அதோடு சரி.
நான் அடுத்த நாள் மத்தியானம்
வடிகானை எட்டிப் பார்த்தேன்.

"மனசு வெக்கோணும் மச்சான்" என்பான்.
பதினொரு தடவை வைத்தேன்.
கதிரேசன் கோவிலில் கற்பூரத்துக்கு முன்னால் ஒருமுறை,
மகளின் தலையில் கையடித்து ஒருமுறை,
விலை ஏறிய இரவில் கணக்குக் கொப்பியின் கடைசித் தாளில்
சிவப்புப் பேனையால் ஒருமுறை.
வைத்த மனசு வைத்த இடத்திலேயே இருந்தது.
கைதான் எழும்பிப் போனது.

பெரியாஸ்பத்திரியில் ஒரு டொக்டர் நோனா.
ஈரத் தரையில் நடப்பவர்போல
தமிழில் அடி பார்த்து அடி வைத்தார்.
"சில ஆக்கள்ட ஈரல் அதைக் கெதியா முடிக்கும்.
முடிஞ்சா திரும்பக் கேக்கும்.
சில ஆக்களுக்கு மெதுவா."
எனக்கு உடனே விளங்கியது.
சில கிட்டங்கியில் லொறி வந்தால்
விடியுமுன் இறக்கிவிட்டு
வெறுந்தோளோடு வாசலில் நிற்பார்கள் நாட்டாமிகள்,
அடுத்தது எங்கே, அடுத்தது எங்கே என்று.
பக்கத்துக் கிட்டங்கியில் அதே லொறி
மூன்று நாள் பாரத்தோடு நிற்கும்.
எனக்குள் கூலிக்கு நிற்பவர்கள்
அவ்வளவு சுறுசுறுப்பு. நான் என்ன செய்ய?

"எத்தனை வயசில தொடங்கினது?"
பதினெட்டு என்றேன்.
பொய்.

கிராண்ட்பாஸில் எங்கள் தோட்டம்.
அப்பா கரம் விளையாடுவது பைப்படியில்,
எங்கள் அடுப்பு கடைசி அறையில்,
நடுவே பதினான்கு வாசல்.
பீடியை நீட்டிப் பற்ற வைத்து வா என்பார்.
துறைமுகக் காற்று. அணைந்தால் குட்டு விழும்.
அணையாமல் கொண்டுவர
மூன்று வாசலுக்கு ஒரு இழுவை.
எனக்கு ஏழு வயது.
அதைப் புகைத்தல் என்று யாரும் சொல்லவில்லை.
நல்ல பிள்ளை என்றார்கள்.

ரிஃப்கான் இருபத்தாறில் தொடங்கியவன்,
மச்சினன் கலியாணத்தில், ஒரு போட்டோவுக்காக.
நேற்றுப் பிளேன்டீ குடிக்கையில் கேட்டேன்,
எப்பிடிடா உன்னால முடிஞ்சது?
கோப்பையைக் கனநேரம் சுழற்றிக்கொண்டிருந்தான்.
"உண்மையச் சொன்னா மச்சான்,
எனக்கு அது பெரிசாப் புடிச்சதே இல்ல."

அந்தப் பாவியைக் கட்டிப்பிடிக்கலாம்போல இருந்தது.
மூன்று வருடமாய் முதலாளி
அவனைக் காட்டித்தான் எனக்கு ஏசுகிறார்.

இது பன்னிரண்டாவது. இன்று நாலாம் நாள்.
தம்புள்ள லொறி வந்துவிட்டது.
கடைசிச் சாக்கு விழுந்து, நான் கடைசிக் கோடு கிழித்ததும்
பத்துகிறவனுக்குப் பின்கேற்றில் ஐந்து நிமிடம் உண்டு.
பத்தாதவனுக்கு விளக்குமாறு.
ரிஃப்கான் அஸருக்குப் போய்விட்டான்.
அந்த ஐந்து நிமிடத்துக்கு
எனக்கு வேறு பெயர் தெரியாது.

ஆனாலும் பின்கேற்றுக்கு வந்துவிட்டேன்.
பெட்டிக்கடை திறந்திருக்கிறது.
கை, கேட்காமலே சட்டைப் பைக்குள் போகிறது.
சரசரக்கிறது ஏதோ,
புதுப்பெட்டியின் மேற்தாளைக் கிழிக்கும்போது வருமே, அதே சத்தம்.
எடுத்துப் பார்த்தால்
ஒரு வெங்காயச் சருகு.
எப்போது விழுந்ததோ.
வெளிச்சத்துக்குப் பிடித்தால் அதற்குள் மெல்லிய நரம்புகள்,
மேலிருந்து கீழாக, ஒன்றையொன்று தொடாமல்.

உள்ளேயிருந்து முதலாளி கத்துகிறார்,
சும்மா நின்று என்ன செய்யிறாய்?

ஒரு நிமிசம் என்கிறேன்.
இன்னும் நாலு இருக்கிறது.